எதிர்ப்பக்கம் மடித்த இலை

கச்சிராயபாளையத்தைக் கடந்ததும் சாலை மேலேறத் தொடங்கியது. கோமுகி அணையின் நீர்ப்பரப்பு ஒருமுறை பளிச்சிட்டு மரங்களுக்குப் பின்னே மறைந்தது. கள்ளக்குறிச்சியில் ஏறிய கூட்டத்தில் பாதி அடிவாரத்திலேயே இறங்கிவிட, எஞ்சியிருந்தோர் வெற்றுக் கூடைகளையும் உர மூட்டைகளையும் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு சாய்ந்தும் நிமிர்ந்தும் வந்தனர். வெயில் பின்தங்கிவிட்டது. ஈர மண்ணின் மணமும், எங்கோ கடுக்காய் காயவைத்த களத்தின் துவர்ப்பு வாடையும் சன்னல் வழியே ஏறி வந்தன.

“காரு எடுத்துக்கினு வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்து ஒரு தூக்கம் போட்டிருப்பேன்,” என்று இளவரசன் முணுமுணுத்தான்.

“மலைக்கு மேல பொகைய கக்கிக்கினு போறதுக்குப் பேரு பசுமைச் சுற்றுலாவாங்க?” என்றாள் அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி.

“இந்த பஸ்ஸு மட்டும் இன்னா, சந்தனமா கக்குது?”

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அவள் கள்ளக்குறிச்சியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. வரும் கோடை விடுமுறையில் உடன் பணிபுரிவோரின் குடும்பங்களையெல்லாம் கல்வராயன் மலைக்கு அழைத்துவர வேண்டும், வந்து போன சுவடு ஒன்றும் மலையில் தங்கக் கூடாது என்பது அவளுடைய திட்டம். நெகிழிப் பை இல்லை, தண்ணீர்ப் புட்டி இல்லை, பகலில் மின்விளக்கு இல்லை, மலையில் விளைவதே உணவு. தங்குவதற்கு, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவன் கட்டி, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையிலிருக்கும் வெண்முகில் விடுதியை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். அதை நேரில் பார்த்து முடிவு செய்யவே இந்தப் பயணம்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் மகள் ஜீவா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. மார்கழியில் வந்த காய்ச்சல் அவளை விட்டுப் போனபோது பசியையும் உடன் கொண்டுபோய்விட்டது. தட்டின் முன் அமர்வாள், இரண்டு வாய் உண்பாள், “போதும்” என்பாள். கெஞ்சினாலும் போதும், அதட்டினாலும் போதும். அந்த வீட்டில் அதிகமாக ஒலித்த சொல் அதுவே. சட்டைக்குள் அவளது தோள் எலும்பு தட்டுப்படும்போதெல்லாம் செல்வி கையை எடுத்துக்கொள்வாள். மலைக்காற்று பட்டால் பசிக்கும் என்று மருத்துவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னதை, இந்தத் திட்டத்தின் அடியில் அவள் யாருக்கும் தெரியாமல் புதைத்து வைத்திருந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளை ஊடறுத்துச் செல்லும் மண்பாதையில் நடந்தார்கள். பாதை முடியுமிடத்தில் விடுதி நின்றது. கருங்கல் சுவர், பாசி படர்ந்த ஓட்டுக் கூரை, உயர்ந்த மரக்கதவுகள். அதன் பின்புறத்தில் இருந்த சரிவிலிருந்து மூடுபனி மெல்ல ஏறிவந்து, சுவரைத் தொட்டுத் தயங்கி, மீண்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

உரிமையாளர் ராஜாங்கம் கழுத்தில் மஃப்ளருடன் வாசலுக்கே வந்து வரவேற்றார். அறுபது வயதுக்காரர். மரியாதை மிகுந்தவர். நின்ற இடத்தில் நிற்கமாட்டாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க. நடந்தேவா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா ஜீப்பு அனுப்பிச்சிருப்பேனே.”

“அதனாலதான் பண்ணலங்க,” என்றான் இளவரசன். “டீச்சரம்மா கோச்சிக்குவாங்க.”

செல்வி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். மழைநீர்த் தொட்டி அவளுக்குப் பிடித்தது. குப்பைக்குழி பிடித்தது. எல்லாவற்றையும் விடப் பந்திக்கூடம் பிடித்தது. சிவப்புச் சாந்து பூசி இழைத்த நீண்ட தரை. கூரையில் கண்ணாடி ஓடுகள். அவற்றின் வழியே விளக்கில்லாமலேயே வெளிச்சம் பாலாக வழிந்தது. சுவரோரம் மணைப்பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன. கூடம் உலர்ந்து, சுத்தமாக, வெகுகாலம் யாரும் அமராதது போலக் கிடந்தது. ஆனாலும் அதில் சோறு வெந்த மணம் இருந்தது.

“இங்கயே சாப்பாடு வச்சிக்கலாமே. ரெண்டு வரிசையா எதிரும் புதிருமா ஒக்காந்தா எல்லாக் குடும்பமும் ஒண்ணா சாப்டலாம்.”

“வராண்டாவுல மேசை போட்டிருக்கேங்க. ஸ்டீல் தட்டு. நல்ல கனமான தட்டு.”

“தட்டு வேணாங்க. அத்தன தட்டையும் கழுவ எவ்ளோ தண்ணி, எவ்ளோ சோப்பு. கொல்லையில வாழை நிக்கிதே, இலை போட்டுடலாம். சாப்ட்டா குழியில போட்டா உரம்.”

ராஜாங்கத்தின் கால் மாற்றல் நின்றது.

“இலை மட்டும் வேணாங்க.”

“ஏன்?”

அவர் பதில் சொல்வதற்குள், சமையற்கட்டு வாசலில் நின்ற பூமாலை குரல் கொடுத்தாள். அந்த விடுதியில் சமைப்பவள் அவள்.

“நான் இந்த ஊருக்குக் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்த வூட்ல இலை அறுத்ததில்லீங்க. மாட்டுக்குத்தான் இலை. மனுசனுக்குத் தட்டு. பெரியவரு காலத்துச் சட்டம்.”

“சட்டத்த மாத்தலாம்ல?”

“நீங்க மாத்துங்க. அறுக்கற கத்திய எங்கிட்ட குடுக்காதீங்க.”

இப்படியெல்லாம் மறுத்தால் வேறு விடுதி பார்த்துக்கொள்வதாகச் செல்வி சொன்னாள். ராஜாங்கம் வெறிச்சோடிய கூடத்தை ஒருமுறை நீளப் பார்த்தார். அது மீண்டும் நிரம்பி வழியும் காட்சி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். தாமே கொல்லைக்குப் போய் இலை அறுத்துவந்தார். விரித்துப் போடும்போது, முகத்தைப் பாராமல் ஒன்று சொன்னார்.

“சாப்ட்டு எழுந்திரிக்கும்போது மட்டும் இலைய மடக்காதீங்க. அப்டியே உட்ருங்க. நான் எடுத்துக்கறேன்.”

அது துப்புரவு தொடர்பான ஏதோ வழக்கம் என்று செல்வி எண்ணிக்கொண்டாள்.

கீரைக் கடைசலும், சாமைச் சோறும், மொச்சைக் குழம்பும் பரிமாறப்பட்டன. ஒருபுறம் செல்வியும் கணவனும் மகளும் அமர்ந்திருக்க, எதிர்வரிசை வெறும் தரையாக இருந்தது. செல்வி பேச்சு மும்முரத்தில் இருந்தாள். எந்தக் குடும்பத்துக்கு எந்த அறை, குழந்தைகளை எந்த அருவிக்கு அழைத்துப் போவது என்று கணவனிடம் அடுக்கிக்கொண்டே போனாள். அப்போது அவள் காதில் மெல்லிய ஓசை ஒன்று விழுந்தது.

பரிமாறும் வாளியின் பிடி கிணுங்கும் ஓசை.

நிமிர்ந்தாள். பூமாலை சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வேறு யாருமில்லை. ஜீவா மட்டும் குனிந்த தலை நிமிராமல் உண்டுகொண்டிருந்தாள். உருட்டுகிறாள், விழுங்குகிறாள், மீண்டும் உருட்டுகிறாள். இளவரசன் மனைவியின் முழங்கையை இடித்தான்.

“ஏய், பாத்தியா?”

“பேசாதீங்க,” என்று கிசுகிசுத்தாள் செல்வி. “கண்ணு பட்ரும்.”

அவள் விழிகள் நிறைந்துவிட்டன. அந்த நிறைவில், பூமாலை ஒரு கரண்டி மட்டுமே வைத்துப் போன இலையில் சோறு குறையவே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

உண்டு முடித்ததும் ஜீவா எழப் போனாள். இலை திறந்தபடி கிடந்தது. செல்விக்கு அது பொறுக்கவில்லை. திறந்த இலையை விட்டெழுவது, போட்டவரை அவமதிப்பதாகும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். அதிலும், எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் அவளுக்குத் தனிக் கறார் உண்டு. நல்ல காரியம் நடந்த இடத்தில் மேல்பாதியைத் தன் பக்கமாக இழுத்து மடிக்க வேண்டும். இந்த உறவு தொடரட்டும், மீண்டும் வருவேன் என்று அதற்குப் பொருள். சாவு வீட்டில் மட்டுமே எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பார்கள். இது இத்தோடு முடியட்டும் என்பதற்காக.

“அவரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு. வாயாரத் தின்னுட்டு அப்டியே எழுந்து போவாங்களா? மடக்கு பாப்பா. உன் பக்கமா.”

ஜீவா தன் பக்கமாக மடித்தாள்.

கூடத்தின் மறுகோடியில், அடுக்கியிருந்த மணைப்பலகைகளில் ஒன்று சரிந்து விழுந்தது. காற்றாக இருக்கும் என்றான் இளவரசன். கதவுகள் சாத்தியிருந்தன.

மடித்த இலையை, ராஜாங்கம் வருமுன் செல்வியே குப்பைக்குழியில் போட்டுவிட்டாள். அன்று பிற்பகல் முழுவதும் மூடுபனி விடுதியைச் சூழ்ந்து நின்றது. செல்வியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் புரியாத ஒரு பரபரப்பு அவளை அறைக்கும் வராண்டாவுக்கும் நடத்திக்கொண்டே இருந்தது. சாத்திய பந்திக்கூடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே கரண்டி பாத்திரத்தில் உரசியது. கதவைத் திறந்தால் நின்றது. சாத்தினால் தொடர்ந்தது. ராஜாங்கத்திடம் சொன்னபோது, பழைய கட்டடம், மரம் விரியும், சுருங்கும் என்றார். சொல்லும்போது அவர் கூடத்தின் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் மதியமும் ஜீவா அதே இடத்தில் அமர்ந்தாள். அவளுக்கு நேர் எதிரே ஒரு மணைப்பலகை போடப்பட்டிருந்தது.

“யாருங்க வராங்க?” என்று கேட்டான் இளவரசன்.

பூமாலை பலகையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பாத்திரத்தை அங்கேயே கீழே வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். மீதியை ராஜாங்கம்தான் பரிமாறினார். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றியதில் குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது.

ஜீவா வயிறார உண்டாள். ராஜாங்கம் உள்ளே போயிருந்தபோது தானாகவே இலையைத் தன் பக்கம் மடித்துக் குழியில் போட்டாள். புறப்படும்போது, வாசற்படியில் நின்று திரும்பி, ஆளில்லாத கூடத்தை நோக்கிக் கையசைத்தாள்.

“வரேன் பெரியம்மா!”

“யாரு பாப்பா பெரியம்மா? பூமாலையா?” என்றாள் செல்வி, சிரித்துக்கொண்டே.

ஜீவா இல்லையென்று தலையாட்டினாள். ராஜாங்கம் கழுத்து மஃப்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பிய அன்றிரவு ஜீவா உண்ணவில்லை. பயணக் களைப்பு என்று விட்டார்கள். மறுநாளும் உண்ணவில்லை. முன்பாவது இரண்டு வாய் உண்டு போதும் என்பாள். இப்போது அந்தப் போதும் கூட இல்லை. தட்டைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“இது எனக்குப் போட்டதில்லம்மா.”

“உனக்குத்தான்டி செல்லம், உனக்குன்னே செஞ்சேன்.”

“பெரியம்மா எடுத்து வச்சிருப்பாங்க. ஆறிப்போவும்மா. போலாம்மா.”

மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. குளுக்கோஸ் ஏற்றியபோது ஜீவா ஊசி குத்திய கையைப் பார்க்கவே இல்லை. மேற்கே, மலை இருக்கும் திசையிலேயே அவள் பார்வை கிடந்தது. நாளுக்கு நாள் அவள் கன்னம் ஒட்டியது. மதிய வேளை நெருங்க நெருங்க எழுந்து வாசலுக்குப் போய் நிற்பாள். பிடித்து இழுத்து வந்தால், கதவிடுக்கில் விரல் விட்டுக்கொண்டு நிற்பாள். செல்வி வாழையிலை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். சாமையைத் தேடி வாங்கி வந்து வடித்துப் பார்த்தாள். குழந்தை முகர்ந்து பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

“அவங்க கை மணம் வரலியே.”

அன்று மாலை செல்வி ராஜாங்கத்துக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“இலைய மடக்கிச்சா புள்ள?” என்று அவர் கேட்டார்.

“ஆமாங்க.”

“எந்தப் பக்கம்?”

“தம் பக்கமா.”

அவர் சொன்னார்: “கெளம்பி வாங்க.”

இம்முறை காரில் போனார்கள். புகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜீவா பின்னிருக்கையில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மலை ஏற ஏற எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் நிறம் வந்தது. விடுதி கண்ணில் பட்டதும் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்த இளவரசனின் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

வராண்டாவில் வைத்து ராஜாங்கம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்கப்பாவோட அக்கா. கொளஞ்சியம்மாள்னு பேரு. புள்ள இல்ல, புருசனும் இல்ல. இந்தக் கூடத்துல பரிமாறுறதே அவங்களுக்கு உசுரு. வர்ற புள்ளைங்க எல்லாம் பெரியம்மா பெரியம்மான்னு சுத்தும். போதும்னு கைய நீட்டி மறைச்சாலும் உடமாட்டாங்க, ஒரு கரண்டி வச்சிட்டுத்தான் நகருவாங்க. ஒரு வருசம் ஒரு குடும்பம் வந்துச்சி. அவங்க பொண்ணு உங்க புள்ளையாட்டம்தான், சாப்டாது. அத்தை ஒக்காந்து ஊட்டித் தேத்திட்டாங்க. கெளம்பறன்னிக்கி அது இலையத் தம் பக்கமா மடக்கிட்டு, வரேன் பெரியம்மான்னு சொல்லிட்டுப் போச்சி.”

“வந்துச்சா?” என்று கேட்டான் இளவரசன்.

“வரல. அதுக்கு அத்தை தெனைக்கும் மதியம் இலை போட்டு வச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க. எதிர்ல பலகையப் போட்டுக்கினு. அப்டியே ஒருநாளு பலகையிலயே சாஞ்சி உசுர உட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிது. இலையத் தம் பக்கம் மடக்கிட்டுப் போன புள்ளைங்க வூட்ல சாப்டறதில்ல. இங்க வந்தாதான் சாப்டும். அப்பா பயந்துபோய் தட்டுக்கு மாத்திட்டாரு.”

“அந்தப் புள்ளைங்க இன்னா ஆச்சுங்க?”

ராஜாங்கம் காலை மாற்றி வைத்தார். “திருக்கோவிலூர்லேர்ந்து ஒருத்தங்க, புள்ளையத் தூக்கிக்கினு திரும்பத் திரும்ப வந்தாங்க. கடைசித் தடவ வரும்போது புள்ள இல்ல.”

“தெரிஞ்சேவா இலை போட்டீங்க?” செல்வி எழுந்துவிட்டாள். “ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“மடக்காதீங்கன்னு சொன்னேங்க.”

“காரணம் சொல்லலியே!”

“காரணத்த சொன்னா எவன்ங்க வருவான்?”

இளவரசன் அவர் மஃப்ளரைப் பற்றிவிட்டான். செல்வி தடுத்தாள். அவள் மனம் வேறெங்கோ விரைந்துகொண்டிருந்தது. கற்றதையெல்லாம் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தே பழகிய மனம் அது. தன் பக்கம் மடித்ததால் கட்டுப்பட்டது என்றால், அவிழ்ப்பதற்கும் வழி இலையிலேயே இருக்க வேண்டும் அல்லவா?

“இன்னொரு தடவ இலை போடுங்க. பாப்பா சாப்ட்டுட்டு எதிர்ப்பக்கம் மடக்கட்டும். சாவு வூட்ல மடக்கற மாதிரி. இத்தோட முடிஞ்சிதுன்னு.”

“அப்டி யாரும் செஞ்சி பாத்ததில்லீங்க,” என்றார் ராஜாங்கம்.

“உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?” இளவரசன் அவளைத் தனியே இழுத்துப் போனான். அவன் பற்கள் கிட்டித்திருந்தன. “உயிரோட இருக்கற புள்ளையப் போய் சாவு வூட்டு இலை மடக்கச் சொல்றியே. பெத்தவதானா நீ?”

“பெத்தவதாங்க. அதான் சொல்றேன். வேற வழி இருந்தா நீங்க சொல்லுங்க, கேக்கறேன்.”

அவன் திரும்பி நின்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

நண்பகல். ஆனால் கண்ணாடி ஓடுகளின் மேல் மூடுபனி அமர்ந்திருந்ததால், கூடத்துக்குள் விழுந்த வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரே ஓர் இலை. அதன் முன் ஜீவா. எதிரே ஒரு மணைப்பலகை. அதை யாரும் போடவில்லை.

பூமாலை ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு விலகினாள். ஜீவா உண்ணத் தொடங்கினாள். அந்தப் பசியைப் பார்க்கச் சகிக்கவில்லை. விக்கினாள், விக்கலோடு விழுங்கினாள், தண்ணீருக்குக்கூட நிறுத்தவில்லை. அவள் உண்ண உண்ண இலையில் சோறு குறையவில்லை. இம்முறை செல்வி அதைப் பார்த்தாள்.

கண்ணெதிரே, காலியான இடத்தில், சோறு மெல்லக் குவிந்தது.

வாளியின் பிடி கிணுங்கியது.

வெந்த சாமையின் மணமும் விறகுப் புகையும், அவற்றினடியில் வெகுநாள் ஈரத்தில் கிடந்த துணியின் வாடையும் கூடம் முழுவதும் பரவின.

“பாப்பா,” செல்வி மகளின் காதருகே குனிந்தாள். “சாப்ட்டது போதும். இலைய மடக்கு. உன் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்.”

ஜீவா கையைத் துடைத்துக்கொண்டாள். உடனே மடிக்கவில்லை. எதிரே, ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்குப் பார்வையை உயர்த்தினாள். எதையோ கேட்பவள் போலப் புருவத்தைத் தூக்கினாள். சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு, சரி என்று சொல்லப்பட்டவள் போலத் தலையசைத்தாள்.

இரு கையாலும் இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கம் மடித்தாள்.

ஓசை நின்றது.

மணம் நின்றது. ஓடுகளின் மேலிருந்த மூடுபனி விலகி, தரையில் வெயில் விழுந்தது. ராஜாங்கம் கூடத்தின் நடுவே போய் நின்றார். பலகையை வெறுங்காலால் தொட்டுப் பார்த்தார். அவர் கண்களில் நீர் வழிந்தது.

“போயிட்டாங்க,” என்றார். “இத்தன வருசத்துல இந்தக் கூடம் இப்டி அமைதியா இருந்ததேயில்லீங்க.”

புறப்படும்போது செல்வி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். “வரேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு.” போகிறேன் என்பது செல்வியின் வீட்டில் யாரும் சொல்லக் கூடாத சொல். இன்று அதை அவளே சொல்லச் சொன்னாள்.

ஜீவா வாசற்படியில் நின்றாள். “நான் இனிமே வரமாட்டேன்,” என்றாள் கூடத்தைப் பார்த்து. பிறகு தலையைச் சாய்த்துச் சற்றுக் கேட்டாள். சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள்.

அதன் பிறகு அவள் உண்டாள். வீட்டில், ஸ்டீல் தட்டில், அம்மா வடித்த அரிசிச் சோற்றை உண்டாள். தோள் எலும்பின் மேல் சதை ஏறியது. விடுமுறைத் திட்டத்தைச் செல்வி கைவிட்டாள். உடன் பணிபுரிவோர் கேட்டபோது, விடுதி வசதிப்படாது என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள். வாழையிலை விற்கும் கடையைக் கடக்கும்போது மட்டும் அவள் கால்கள் தாமாக விரைந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இளவரசன் வெளியே போயிருந்தான். செல்வி மகளின் தட்டில் சோறு போட்டாள், தனக்கும் ஒரு தட்டை எதிரே வைத்தாள், அப்பளம் பொரித்துவர உள்ளே போனாள். வேனல் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் ஐஸ் வண்டியின் மணி கேட்டது. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் உப்புவதைப் பார்த்தபடி, நெடுநாளைக்குப் பின் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

கூடத்திலிருந்து ஜீவாவின் சிரிப்பொலி வந்தது.

“போதும். ஐயோ, போதும்!”

செல்வி அடுப்பை அணைத்தாள். அணைத்த பின்னும் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கதவோரம் வந்து பார்த்தாள்.

ஜீவா தட்டின் மேல் இரு உள்ளங்கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டிருந்தாள். பந்தியில் பரிமாறுபவரைத் தடுப்பது போல. விரல்களுக்கிடையே ஆவி எழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கைகளுக்கு அடியில், செல்வி போட்ட வெள்ளைச் சோற்றின் மேல், சிறு சிறு மணிகளாகச் சாமைச் சோறு குவிந்திருந்தது.

வீட்டில் சாமை இல்லை.

“பாப்பா,” என்றாள் செல்வி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நீதான் எதிர்ப்பக்கம் மடக்கினியே.”

“ஆமாம்மா. பெரியம்மா எதிர்லதானே ஒக்காந்திருந்தாங்க.” ஜீவா இயல்பாக நிமிர்ந்து பார்த்தாள். “அவங்க பக்கமாதானே மடக்கினேன். யாரு பக்கம் மடக்கினா அவங்கதான் திரும்ப வரணுமாம். இனிமே நாம மலைக்குப் போவ வேணாம்மா. இவ்ளோ நாளா வழி விசாரிச்சிக்கினு இப்பதான் வந்து சேந்தாங்களாம்.”

செல்வி தரையைப் பார்த்தாள். சூடேறிய சிமெண்டுத் தரையில், வாசற்படியின் உட்புறத்தில், ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. அடி நனைந்த வாளியை இறக்கி வைத்து எடுத்த வட்டம். சற்றுத் தள்ளி இன்னொன்று. ஜீவாவின் தட்டுக்கு முன் இன்னொன்று.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய காலித் தட்டுக்கு முன்னால் தரை வட்டமாக நனைந்தது.

வாளியின் பிடி கிணுங்கியது.

போதும் என்று சொல்லச் செல்வி வாயைத் திறந்தாள். தட்டில் முதல் கரண்டி விழுந்தது.